மலைமரமும் கடற்கயிறும்

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் கொல்லிமலை மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து வறண்ட பாறைச் சரிவுகளில் தணக்கு நிற்கும். ஆயிரம் மீட்டர் உயரம் வந்ததும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக், பலா, காப்பி, இடையிடையே மலைவேம்பு. கடல் இங்கிருந்து கிழக்கே 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் தணக்கும் மலைவேம்பும் சோழமண்டலக் கரையில் கட்டுமரத்துக்கென்றே தேடப்பட்ட மரங்கள். தணக்கு வெள்ளையான, மிக இலேசான மரம், கிடைத்தால் அதைக் கட்டுமரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று தாவரவியலர் வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவரத் தொடங்கியது 1795இல். இரண்டு சிறகோடு சுழன்று சுழன்று இறங்கும் தணக்குக் காயைக் கையில் பிடித்து விளையாடியவர்களுக்கு அந்த மரம் கடலுக்குப் போன கதை தெரிந்திருக்காது.

வீட்டுக் கொட்டகையில் நாமே ஒரு மரப்படகு கட்ட முடியுமா, அதுவும் இரண்டு உடல் கொண்ட படகை? உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேர் கட்டியிருக்கிறார்கள். அதற்கு வேண்டிய அறிவியலில் பாதி நம் கடற்கரையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. நம் கட்டுமரம் குடைந்த படகு இல்லை. செதுக்கிய முழு மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. இன்று உலகம் கேட்டமரான் என்று அழைப்பது உள்ளீடற்ற இரண்டு ஒல்லியான உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகு. அதன் மூதாதை பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணி. இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டையும் தாங்கி நிற்பது ஒரே நுட்பம். தனித்தனித் துண்டுகளை விறைப்பாகப் பூட்டாமல், கொஞ்சம் இளகி விடும்படி இணைப்பது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். மரத்தின் செல்சுவர் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு கன சென்டிமீட்டர் செல்சுவர் சுமார் 1.5 கிராம் இருக்கும். அந்தச் சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் மரத்தை மிதக்க வைக்கிறது. காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் இருக்கும். மலைவேம்பு 400 கிலோவை ஒட்டி வரும். அதைவிட இலேசான மரங்களும் உண்டு. 5 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 0.3 கன மீட்டர். முழுக்க மூழ்கினால் 307 கிலோ கடல்நீரை அது விலக்கும். மரம் கன மீட்டருக்கு 350 கிலோ என்றால் அதன் சொந்த எடை 105 கிலோ. மிச்சம் 200 கிலோவை அந்த ஒரு மரம் தாங்கும். நான்கு மரம் சேர்த்தால் 800 கிலோ. இரண்டு மூன்று ஆட்கள், வலை, பாய், பிடித்த மீன் எல்லாவற்றுக்கும் போதும்.

ஆனால் மரம் தண்ணீரைக் குடிக்கும். செல்களில் காற்று இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஏறும். அதே மரம் ஊறி கன மீட்டருக்கு 600 கிலோ ஆகிவிட்டால் சொந்த எடை 180 கிலோவாகும், தாங்கும் சுமை 127 கிலோவுக்கு இறங்கும். நான்கு மரத்தில் கிட்டத்தட்ட 300 கிலோ இழப்பு. கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் தனித்தனியாகப் பரப்பிப் போடும் வழக்கத்துக்கு இதுதான் காரணம். சேர்ந்திருந்தால் நடுமரத்தின் பக்கங்களில் வெயிலும் காற்றும் படாது. ஒவ்வொரு மரமும் காய வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் அவிழ்க்க வேண்டும், அவிழ்க்க வேண்டுமென்றால் ஆணி அடிக்கக் கூடாது. இலேசான மரத்தைத் தேர்ந்ததும் கயிற்றைத் தேர்ந்ததும் ஒன்றோடொன்று பிணைந்த முடிவுகள்.

கட்டு எப்படி விழுகிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டும். மரங்களை வாய்ச்சியால் செதுக்கி, முன்முனையான அணியத்தில் மேல்நோக்கி வளையும் கூர்த்துண்டுகளைப் பொருத்தி, வரிசையாக அணைத்து வைக்கிறார்கள். நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் பக்க மரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். கட்டு விழுவது இரண்டே இடத்தில், முன்னே ஒன்று, பின்னே ஒன்று. மரங்களின் மேல் குறுக்காக ஒரு கட்டை. கயிறு ஒரு மரத்தைச் சுற்றி, கட்டையின் மேல் ஏறி, அடுத்த மரத்துக்கு இறங்கி, மறுபடி ஏறிப் போகும். காலால் மரத்தை உதைத்துக்கொண்டு இரு கையாலும் இழுத்து இறுக்குவார்கள். நடுப்பகுதியில் கட்டே கிடையாது. அங்கே மரங்கள் ஒன்றையொன்று உரசி, அலைக்குத் தகுந்தபடி மேலும் கீழும் அசையலாம்.

தேங்காய் நார்க் கயிறு இந்த வேலைக்குப் பொருந்தியதற்கு வேதியியல் காரணம் உண்டு. தேங்காய் நாரில் லிக்னின் மிக அதிகம். அதனால் உப்புநீரில் எளிதில் மட்காது. சணல் நார் தன் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். தேங்காய் நாரோ ஐந்தில் ஒரு பங்கு வரைகூட நீண்டுகொடுக்கும். இன்னொன்று, நனைந்ததும் நார் பருக்கிறது. முறுக்கிய கயிற்றில் நார் பருத்தால் முறுக்கு இறுகி நீளம் குறையும். ஆகவே கரையில் போட்ட கட்டு கடலில் இறங்கியதும் தானே இன்னும் இறுகும். நைலான் கயிறு நேர் எதிர். வலிமை மிக அதிகம், ஆனால் நனைந்தால் சற்று இளகும். பழைய கைகள் நைலானுக்கு மாறியபோது முடிச்சையும் சுற்றையும் மாற்ற வேண்டி வந்தது இதனால்தான்.

இளகும் கட்டு எதற்கு என்பதைக் கரையேறும் நேரத்தில் காணலாம். இயற்கைத் துறைமுகம் அரிதான கரை நம்முடையது. அலை உடையும் இடத்தைக் கடந்து, நேரே மணலில் மோதித்தான் நிற்க வேண்டும். ஆட்களோடு 500 கிலோ எடையுள்ள ஒரு கட்டுமரம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து மணலில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். விறைத்த அமைப்பாக இருந்து 0.05 வினாடியில் நின்றால் சராசரி விசை 30,000 நியூட்டன், அதாவது மூன்று டன் எடையின் அழுத்தம். மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதி, கயிறு நீண்டு, நிற்பதற்கு 0.2 வினாடி ஆனால் விசை 7,500 நியூட்டனாகக் குறையும். நான்கில் ஒரு பங்கு. ஆணி அடித்த படகில் அந்த மூன்று டன்னும் ஆணித்துளையைச் சுற்றியுள்ள கொஞ்ச மரத்தில் போய்க் குவியும், அங்கிருந்து விரிசல் ஓடும். கயிற்றில் அது சுற்றிச் சுற்றிப் பரவிவிடும்.

சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன்பு கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகும் இதே விதிப்படிதான் நின்றது. பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. உள்ளே வங்கு என்னும் விலாச்சட்டம் கிடையாது. அலை அடித்தால் அடிப்பக்கம் நெளியும், உடையாது. அந்த மசூலாவே இறங்க அஞ்சும் நாட்களில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். தைக்கும் முறை இன்றும் ஓய்ந்துவிடவில்லை. இந்தியக் கடற்படையின் கௌண்டின்யா, 2025 மே மாதம் கார்வாரில் படையில் சேர்க்கப்பட்ட பாய்க்கப்பல், பலகைகளைக் கயிற்றால் தைத்தே கட்டப்பட்டது. கயிற்றின் மேல் பொறியாளர்களுக்கு இருந்த அவநம்பிக்கை உலகெங்கும் பழையது. 1947இல் தோர் ஹெயர்டால் ஒன்பது பால்சா மரங்களைச் சணல்வகைக் கயிற்றால் கட்டி, கோன்-டிக்கி என்று பெயரிட்டு, பெருவிலிருந்து பசிபிக்கில் இறங்கியபோது இரண்டு வாரத்தில் கயிறு தேய்ந்து அறுந்துவிடும் என்றார்கள் நிபுணர்கள். 101 நாள் மிதந்து பாலினீசியத் தீவுக் கூட்டத்தில் அது கரை ஒதுங்கியது. மரம் மென்மையாக இருந்ததால் கயிறு அதில் பதிந்து இறங்கிப் பள்ளத்தில் பத்திரமாக இருந்துவிட்டது. கடினமான மரத்தில் கட்டியிருந்தால் மரம் கயிற்றைத் தின்றிருக்கும்.

இனி இரட்டை உடல் படகு. தண்ணீரில் போகும் எந்தப் படகும் தன் முன்னும் பின்னும் அலை எழுப்பும். வேகம் கூடக் கூட அலையின் நீளமும் கூடும். அது படகின் நீளத்தை எட்டியதும் படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். அதைத் தாண்ட மிகுந்த ஆற்றல் வேண்டும். 4.8 மீட்டர் நீளப் படகுக்கு அந்த எல்லை மணிக்கு 10 கிலோமீட்டரை ஒட்டி வரும். இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் 19ஆம் நூற்றாண்டில் சிறிய மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து இந்தக் கணக்குகளுக்கு அடித்தளம் போட்டார். உடல் மிக ஒல்லியாக, அகலத்தைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளமாக இருந்தால் எழும் அலையே சிறிது; எல்லையைக் கடந்து போகலாம். ஆனால் அவ்வளவு ஒல்லியான படகு தனியாக நிற்காது, கவிழ்ந்துவிடும். இரண்டை இணைத்து இடைவெளி விட்டால் நிற்கும். ஆட்களோடு 360 கிலோ எடை, இரண்டு உடல்களின் மையங்களுக்கு இடையே 2.4 மீட்டர் என்றால், கவிழ்க்கும் காற்றை எதிர்த்து அதிகபட்சம் 360 கிலோ எடை 1.2 மீட்டர் நெம்புகோலில் தொங்குவதற்குச் சமமான எதிர்ப்பு கிடைக்கும். அடியில் ஈயக்கட்டி தேவையில்லை. அமெரிக்காவில் நதானியேல் ஹெரஷாஃப் 1876இல் இப்படி ஒரு படகு கட்டி நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களை வெகுதூரம் முந்திவிட, அந்த வகைப் படகையே பந்தயத்திலிருந்து விலக்கினார்கள்.

குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரட்டை உடல் படகு ஒருமுறை முழுக்கக் குப்புற விழுந்தால் அந்த நிலையிலும் உறுதியாகவே கிடக்கும். பெரிய படகானால் ஆட்களால் நிமிர்த்த முடியாது. கட்டுமரத்துக்கு அந்தக் கவலை இல்லை. புரண்டால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், இறைக்க வேண்டிய தண்ணீரும் இல்லை.

வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இதை எட்டும் பொருளாக்கியவர் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர். 1954இல் 23 அடி நீளத்தில் சொந்தமாக ஓர் இரட்டைப் படகு கட்டி, 1955-56இல் இரண்டு பெண் தோழர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் சாதாரண மனிதர்கள் கொல்லைப்புறத்தில் கட்டக்கூடிய வரைபடங்களை விற்றார், 2021இல் காலமானார். அவருடைய பிற்கால வடிவமைப்புகளில் குறுக்குச் சட்டம் உடலோடு போல்ட்டால் பூட்டப்படவில்லை, கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. பாலினீசியரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் அது. இரண்டு உடல்களும் வேறு வேறு அலை மேல் ஏறும்போது குறுக்குச் சட்டத்தில் வரும் முறுக்கை விறைப்பாகத் தாங்க வேண்டுமானால் கனமான சட்டம் வேண்டும். கயிறு அந்த முறுக்கைச் சற்று விட்டுக்கொடுத்துக் கடத்திவிடும். அவருடைய 21 அடிப் படகு ஒன்றைத் தானே கட்டிய இளைஞர் 1991இல் புறப்பட்டு 1997இல் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தார்.

பலகையைத் தைக்கும் முறையும் நமக்குப் புதிதல்ல. பெரிய மரங்கள் கிடைக்காமல் விலை ஏறிப்போன 1980களின் தொடக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பொறியாளரும் உள்ளூர் ஆட்களும் பிளைவுட்டில் வள்ளம் கட்டத் தொடங்கினார்கள். அந்த முயற்சியின் வெற்றியையும் வலியையும் அவர் 1985இல் நூலாகவே எழுதினார். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பின்னர் தன் படகுத்துறைகளில் ஆயிரக்கணக்கில் பிளைவுட் படகுகளைக் கட்டிக் கொடுத்தது. முறை எளிது. வரைபடப்படி வெட்டிய பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுக் கம்பியால் தைத்தால், தட்டைப் பலகை தானே வளைந்து படகின் வடிவத்துக்கு வரும். உட்பக்க மூட்டில் மரத்தூள் குழைத்த எபாக்சிப் பிசினைப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டிக் காய்ந்ததும் கம்பியை உருவிவிடலாம்.

கொல்லிமலையில் ஒரு கொட்டகையில் இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். பிளைவுட் தாள் 8 அடிக்கு 4 அடி வரும். இரண்டு தாளைச் சரிவாக இழைத்து ஒட்டினால் 4.83 மீட்டர் நீளப் பலகை. சரிவின் நீளம் தாளின் கனத்தைப் போல் எட்டு மடங்கு இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தாளுக்கு 48 மில்லிமீட்டர். இவ்வளவு சரிவு எதற்கென்றால், நாரின் முனையில் பிசின் சரியாகப் பிடிக்காது, நாரின் பக்கவாட்டில்தான் பிடிக்கும். தண்ணீர்மட்டத்தில் 40 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட இரண்டு உடல்கள் சேர்ந்து ஏறத்தாழ 380 கிலோ நன்னீரை விலக்கும். படகு 150 கிலோவுக்குள் அடங்கினால் மூன்று பேர் போகலாம். ஒரு தாளே 12, 13 கிலோ எடை வரும் என்பதால் தாளை எண்ணி எண்ணித்தான் வரைய வேண்டும்.

தாள் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பாருங்கள். கடல்தரப் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் அது. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குப் பிரியக் கூடாது. முத்திரையை நம்பி நிற்காமல் ஓரத் துண்டு ஒன்றை அடுப்பில் கொதிக்க வைத்துப் பாருங்கள்; உயிர் சம்பந்தப்பட்ட பொருளுக்கு இந்தச் சோதனை அதிகமில்லை. இன்று மலைவேம்பும் சில்வர் ஓக்கும் மலையிலிருந்து பிளைவுட் ஆலைக்குப் போகின்றன. ஆனால் இலேசான மரங்கள் பூஞ்சைக்கும் கரையானுக்கும் எளிதில் இரையாகும் என்பதால், மருந்தேற்றாத தாளைப் படகுக்கு எடுக்கக் கூடாது.

மலையில் வேலை செய்கிறவருக்கு உண்மையான எதிரி மூடுபனி. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால் கொட்டகையில் கிடக்கும் மரம் தன் எடையில் 16 விழுக்காடு அளவுக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 65 விழுக்காட்டில் அது 12 ஆகும். எபாக்சி நன்றாகப் பிடிக்க 12க்குக் கீழே இருப்பது நல்லது. குளிரும் குறுக்கே வரும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் பிசின் இறுகும் வேகம் ஏறத்தாழ பாதியாகும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பிசினோடு கலக்கும் கடினமாக்கியில் உள்ள அமீன், காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் நீராவியோடும் சேர்ந்து பிசினின் மேல் மெழுகுபோல ஒரு படலம் உண்டாக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விரலால் தடவினால் வழுவழுக்கும். அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டு உரிந்து வந்துவிடும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் மரவேலையை முடித்து வைத்துக்கொண்டு, ஒட்டும் வேலையை மாசி, பங்குனி வெயிலில் பகல் பொழுதில் செய்வது புத்தி. கலந்த பிசினைக் குவளையில் விட்டு வைக்காதீர்கள். வேதிவினை வெளியிடும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் புகையும். அகலத் தட்டில் ஊற்றினால் வேலைக்கு நேரம் கிடைக்கும். கையுறையும் தூசிக்கு முகமூடியும் கட்டாயம்.

கட்டிய படகை மலையிலிருந்து எப்படி இறக்குவது? 2.4 மீட்டருக்கும் மேல் அகலமான படகை முழுதாக ஏற்றிக்கொண்டு 70 வளைவுகளில் இறங்குவது ஆகாத காரியம். கட்டை அவிழ்த்தால் ஒல்லியான இரண்டு உடல்களும் சில சட்டங்களும்தான் மிச்சம். ஒரு வண்டியில் அடுக்கி இறக்கி, அனுமதி பெற்ற பிறகு ஜேடர்பாளையத்திலோ மோகனூரிலோ காவிரிக் கரையில் மறுபடி கட்டலாம். மணலில் மரம் காயப்போட உதவிய அதே வசதி, வேறு வடிவத்தில்.

2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த ஃபைபர் படகுகள் கரை முழுவதும் நிறைந்தன. மீனவர்களுக்கு அவை தந்த வேகமும் தூரமும் நிஜம். யாரும் பழையதற்குத் திரும்ப வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் மரத்தைப் பார்த்துத் தேர்ந்து, செதுக்கி, கயிறு போடத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கயிறு எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம், எந்த அலைக்கு எவ்வளவு நெகிழ்வு என்பதை எண்களாகப் பதிவு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்பொறியியல் துறையில் இழுவைத் தொட்டி இருக்கிறது. ஒரு கோலா மரத்தை, பறவைக்கோலா பிடிக்கப் போகும் அந்தப் பெரிய கட்டுமரத்தை, அதைக் கட்டுகிறவரையே அழைத்து வந்து கட்டச் சொல்லி, அவருக்கு உரிய கூலியும் ஆய்வில் பெயரும் கொடுத்து அளந்து பார்க்க வேண்டும். கொட்டகையில் படகு கட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வரைபடமும் பிசினும் வாங்கும் முன்பு ஒருநாள் விடியலில் கடற்கரைக்குப் போங்கள், கட்டுமரம் கட்டுகிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டைப் போடக் கற்றுக்கொண்டு வாருங்கள்.